இராமநாதபுரம் கடற்கரையில் வழக்காறு சேகரிக்கப் போகும் மாணவருக்கு

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுக்கு முதன்முதலாகக் களப்பணிக்குப் போகும் மாணவர்களில் பெரும்பாலோர் இராமேசுவரம் கோயில் கோபுரத்தடியிலோ ஏர்வாடி தர்கா வாசலிலோதான் தொடங்குகிறார்கள். அங்கே கதை சொல்ல ஆள் கிடைப்பது எளிது என்பது உண்மைதான். ஆனால் யாத்திரிகர்களுக்குச் சொல்லிச் சொல்லி மெருகேறிப்போன அந்தத் தலக்கதைகள் கோயில் கடைகளில் விற்கும் சிறு நூல்களிலேயே கிடைத்துவிடும்; அவற்றைக் கேட்டு எழுதிவர ஒரு மாணவர் பேருந்துச் செலவு செய்ய வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை வேறொரு வழியைச் சொல்கிறது. வலை, உப்பு, பனை, அடுப்பு, பிள்ளைவளர்ப்பு என்று அன்றாடத்தில் தொடங்கி, அதன் வழியாகவே குலசாமி, சந்தனக்கூடு, சப்பரம் ஆகியவற்றுக்குப் போய்ச் சேர்வதும், கிடைக்கும் ஒவ்வொன்றையும் அதைச் சொன்னவர், சொன்ன சமயம், அதற்கு அவரே தரும் விளக்கம் ஆகிய மூன்றோடும் சேர்த்துப் பதிவதுமே அந்த வழி.

எது வழக்காறு, எவ்வளவு போதும்

பாட்டும் கதையும் மட்டுமே நாட்டார் வழக்காறு என்ற எண்ணத்தோடு போகிறவர் பாதியைத் தவறவிடுவார். சொலவடை, அழிப்பாங்கதை (விடுகதை), தாலாட்டு, ஒப்பாரி, கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, குழந்தைக்குக் கண்ணேறு கழிக்கும் முறை, புதுப் படகை முதன்முதலாகக் கடலில் இறக்கும்போது செய்யும் சடங்கு, கருப்பட்டியின் பதம் பார்க்கும் விதம், கீழக்கரையில் தொதல் என்னும் இனிப்பைக் கிண்டும் வீட்டின் கைப்பக்குவம், தேர்வுக்குப் போகும் மாணவி விடைத்தாளின் மூலையில் போடும் பிள்ளையார் சுழி, விடுதி அறைகளில் உலவும் பேய்க்கதை ஆகிய எல்லாம் வழக்காறுகளே. ஆள் மாற மாற வடிவம் சற்று மாறியும், அடையாளம் மாறாமலும் வழங்கிவருகிற எதையும் சேகரிக்கலாம்.

மாணவர்களைக் கொண்டு சேகரிப்பது கல்வி உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1963 முதல் நாட்டார் வழக்காற்றியல் கற்பித்த ஆலன் டண்டிஸ், தம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தாரிடமும் நண்பரிடமும் வழக்காறுகளைத் திரட்டிவர வேண்டும் என்று வைத்திருந்தார். அந்தத் தாள்கள் சேர்ந்து பெரியதோர் ஆவணக்காப்பகமாயின. பனுவலை மட்டும் எழுதினால் போதாது, அதன் மொழிநடையையும் சூழலையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதும், சொல்கிறவர் அதற்கு என்ன பொருள் கொள்கிறார் என்பதைத் தனியே கேட்டுப் பெற வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்தியவை. தமிழில் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை நாட்டுப்பாடல்களைத் திரட்டியபோதும் ஊர் ஊராக இருந்த ஆர்வலர்களின் துணை அவருக்குப் பெரிதும் உதவியது. ஆகவே ஒரு பருவத்தில் ஒரு மாணவர் ஏராளமாகத் திரட்ட வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. சூழலோடு எழுதிய இருபது தாள்கள், சூழலில்லாத இருநூறு பாடல்களைவிட மேலானவை என்பது என் கருத்து.

முதல் தாள் வீட்டிலிருந்து

முதல் மூன்று நான்கு வழக்காறுகளை உங்கள் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ கேட்டு எழுதுங்கள். இக்கடற்கரையிலிருந்தே கல்லூரிக்கு வரும் மாணவருக்கு இது எளிது. வெளியூர் மாணவர் விடுதித் தோழியிடம் தொடங்கலாம். பழகிய ஆளிடம் கேள்வி கேட்டு, ஒலிப்பதிவு செய்து, எழுத்துப்படி எடுத்துப் பார்த்தால்தான் நம் கேள்வியில் எங்கே அவசரம் இருக்கிறது, எங்கே பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம் என்பது தெரியும். தாலாட்டையும் ஒப்பாரியையும் பொறுத்தவரை இன்னொன்றையும் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். அவை பெண்ணோடு வாழ்க்கைப்பட்டு ஊர்விட்டு ஊர் வருகிறவை. தொண்டியில் ஒரு பாட்டி பாடும் தாலாட்டு வேறெங்கோ இருக்கும் அவருடைய பிறந்த ஊரில் கற்றதாக இருக்கக்கூடும். ஆகவே பாடிய ஊரையும் கற்ற ஊரையும் தனித்தனியே எழுத வேண்டும். இந்த ஒரு குறிப்பு இல்லாததனாலேயே பழைய தொகுப்புகள் பலவற்றில் எந்தப் பாட்டு எந்த வட்டாரத்தது என்று இன்று சொல்ல முடிவதில்லை.

ஊருக்குள் போவது

போகுமுன் துறைத்தலைவரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள கடிதம் ஒன்றும் கல்லூரி அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். இது எல்லைக் கடல்; புதிய ஆள் கேமராவோடு கரையில் நடந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலரும் கேட்பார், ஊராரும் கேட்பார்கள். கேட்பது அவர்கள் கடமை என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டால் சிக்கலில்லை. கடற்படை, கடலோரக் காவல் நிலையங்களின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

ஊரில் முதலில் பார்க்க வேண்டியவர் ஊருக்கு ஊர் வேறுபடுவார். தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் பங்குத்தந்தையும் மீனவர் சங்கத்தாரும், கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் ஜமாஅத் நிர்வாகிகளும், பிற ஊர்களில் கிராமத் தலைவரும் அறிந்திருந்தால் வீடுகளுக்குள் போவது எளிதாகும். பெண்களின் வழக்காறுகளைச் சேகரிக்க மாணவியர் போவதே பயன் தரும். முறைப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை அந்தந்த ஊர் வழக்குப்படி செய்யுங்கள்: ஓரிடத்தில் அப்பத்தா, அம்மாச்சி, அண்ணே, கீழக்கரையில் காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா). எல்லாரையும் ‘சார், மேடம்’ என்றால் அவர்களும் மேடைத்தமிழில்தான் பதில் சொல்வார்கள்.

எப்போது போவது என்பதும் ஆராய வேண்டியதே. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஆண்கள் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள், படகுக்கு வண்ணம் பூசுவார்கள்; பேச நேரமிருக்கும். கையில் வரும்படியில்லாத காலமும் அதுதான் என்பதை மறக்காமல் பேச வேண்டும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர்களைக் கரை திரும்பி, மீன் விற்று, குளித்துச் சாப்பிட்டபின் தேடிப்போங்கள்.

கேள்வி எங்கிருந்து தொடங்குகிறது

‘உங்கள் ஊர் நம்பிக்கைகளைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வேலையைப் பற்றிக் கேளுங்கள். காற்றைப் பற்றிக் கேட்பது இக்கரையில் நல்ல தொடக்கம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு காற்றின் பெயரும் சிறுபிள்ளைக்கே தெரியும். எந்தக் காற்றில் எந்த மீன் படும், எந்தக் காற்றில் கடலுக்குப் போகாமல் படகை ஏற்றிக் கட்டுவார்கள், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை எப்படி அறிவார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ‘எங்கப்பா ஒருதரம் அப்படிப் போயி…’ என்று கதை தானாகத் தொடங்கும். அந்த இடத்தில் கேள்வி கேட்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பாம்பன், மண்டபம் பக்கத்தில் கேட்கத் தவறக்கூடாத ஒன்று உண்டு. தெற்கே அலை புரளும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே அடங்கிக் கிடக்கும் பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்றும் மக்கள் சொல்வார்கள். இதை எழுதிக்கொண்டு திரும்பிவிடுவோர் பலர். அடுத்த கேள்விதான் வளமானது: ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசி வடகடல் கொந்தளிக்கும்போது அதைப் பற்றி என்ன சொல்வீர்கள்? இக்கேள்விக்கு ஆணும் பெண்ணும், முதியவரும் இளைஞரும் வெவ்வேறு விடை தருவார்களானால் அவ்வளவையும் எழுதுங்கள். அவற்றில் சரியான விடை எது என்று தீர்ப்பளிப்பது நம் வேலையல்ல.

சொலவடைகளை ‘உங்களுக்குத் தெரிந்த பழமொழிகள் என்ன’ என்று பட்டியலாகக் கேட்கக்கூடாது. பேச்சில் வந்து விழும்போது பிடிக்க வேண்டும். ‘அலை எப்போ ஓயும், தலை எப்போ முழுகுறது’ என்பதைப் பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் மகனிடம் ஒரு தாயும் சொல்லலாம், கடன் தீர்ந்தபின் வீடு கட்டலாம் என்கிறவரிடம் பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லலாம். இரண்டும் இரண்டு தாள்கள். (தை அமாவாசைக்கு யாத்திரிகர் கூடும் இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் அலையே பெரிதாக இருப்பதில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கலாம், சொலவடைக்கு அதனால் குறைவொன்றுமில்லை.)

ஒரு தாள் எப்படி இருக்க வேண்டும்

மாதிரிக்காக ஒன்றைக் கற்பனையாக எழுதிக்காட்டுகிறேன். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண், பள்ளி விடுமுறைக்கு வந்த பேரனிடம் சாயங்காலம் திண்ணையில் ஓர் அழிப்பாங்கதை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘தண்ணியில பொறப்பான், தண்ணியிலயே சாவான், அவன் யாரு?’ விடை உப்பு. தமிழகமெங்கும் வழங்கும் விடுகதைதான். இதை இரண்டு வரியில் எழுதி முடித்தால் அது பனுவல் மட்டுமே.

தாளில் இன்னும் வர வேண்டியவை இவை. சொன்னவரின் வயது, தொழில், பிறந்த ஊர், இப்போதிருக்கும் ஊர். யாரிடம், எந்த வயதில் கேட்டுக்கற்றார். இப்போது யாருக்குச் சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள். பேரன் முதலில் என்ன தவறான விடை சொன்னான், அதற்கு யார் சிரித்தார்கள். விடை தெரியாமல் தோற்றவன் என்ன செய்ய வேண்டும் என்பது வழக்கம். அதன்பின், ‘இதை ஏன் இப்படிச் சொல்றாங்க, அப்பத்தா?’ என்ற கேள்விக்கு அவர் தந்த பதில். ‘மழை பேஞ்சா அவன் மட்டுமா சாகுறான், எங்க கூலியும் சேந்துல்ல சாகுது’ என்று அவர் சொல்லக்கூடுமானால், மழைக்காலத்தில் வேலை நின்றுபோகும் உப்பளத் தொழிலாளியின் வாயில் அதே விடுகதை வேறொன்றாகிவிடுகிறது. கடைசியாக, சேகரித்தவரின் குறிப்பு தனிப் பத்தியாக வர வேண்டும். அது சொன்னவரின் கருத்தோடு கலந்துவிடக்கூடாது. பனுவல், சூழல், சொன்னவர் விளக்கம், சேகரித்தவர் குறிப்பு என்று நான்கு தலைப்பிட்ட தாள்களை முன்கூட்டியே அச்சிட்டு வைத்துக்கொண்டால், எது விடுபட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சாமியும் சடங்கும்

சடங்கைப் பதிவதில் பாட்டை மட்டும் பதிவது போதாது. முளைப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த பானையின் அடிப்பாகத்திலோ ஓலைக் கொட்டானிலோ கண்மாய்க் கரம்பை மண்ணும் எருவும் வைக்கோலும் இட்டு, ஊறவைத்த தட்டை, மொச்சை, பாசிப்பயறு முதலியவற்றைத் தூவி, வெயில் படாத அறையில் வைத்து வளர்க்கிறார்கள். இருட்டில் வளர்வதால் முளை வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று ஓங்கும். இரவுதோறும் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுகிறார்கள். நிறைவுநாளில் தலையில் சுமந்துபோய் ஊருணியிலோ கண்மாயிலோ கடலிலோ கரைக்கிறார்கள். இதில் கும்மிப்பாட்டு ஒரு பகுதிதான். விதை எந்தெந்த வீட்டிலிருந்து வாங்கப்பட்டது, அந்த அறைக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது, முளை குட்டையாக நின்றால் என்ன சொல்வார்கள், கரைத்தபின் எதை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்று கேட்டு எழுதினால்தான் அது முளைப்பாரியின் பதிவாகும். அனுமதியில்லாத அறைக்குள் கேமராவை நீட்டுவதைவிட, வெளியே உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவது மேல்.

இக்கடற்கரையின் தனிச்சிறப்பு, ஒரே நிலத்தின்மீது பல சமயத்தாரின் கதைகள் படிந்திருப்பது. இராமர் கடலரசனை வேண்டித் தருப்பைப் புல்லில் கிடந்த இடம் என்று திருப்புல்லாணியைச் சொல்வார்கள். பாலம் கட்டத் தொடங்கிய கரை சேதுக்கரை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை நவபாஷாணம் என்று வலம்வருகிறார்கள். தங்கச்சிமடத்தருகே கடலுக்குள் நன்னீர் ஊறும் கிணறு, இராமர் வில்லை ஊன்றிய வில்லூண்டி தீர்த்தம். அதே இராமேசுவரத்தில் ஆதம் நபியின் மக்களான ஆபில், காபில் இருவரின் அடக்கத்தலம் என்று மரபு சொல்லும் தர்காவும் இருக்கிறது. தொண்டிக்கு வடமேற்கே ஓரியூரில், 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட கிறித்தவத் துறவி அருளானந்தரின் குருதியால் மண் சிவந்தது என்று நம்பி, அந்தச் செம்மண்ணை வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். உத்தரகோசமங்கையில், பொய்ச்சான்று சொன்னதால் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்ட தாழம்பூவுக்கு மன்னிப்பு உண்டு. ‘மண் முந்தியோ, மங்கை முந்தியோ’ என்று அவ்வூரின் பழமையைச் சொல்வதும் வழக்கம்.

இவற்றைத் தலக்கதைகளாகத் திரும்பவும் எழுதாமல், தனியொருவரின் வாழ்வில் இவை எங்கே வருகின்றன என்று கேளுங்கள். ஓரியூர் மண்ணை எதற்கு எடுத்துவந்தீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள், யாருக்குப் பூசினீர்கள்? பிள்ளை இரவெல்லாம் அழுதபோது முதலில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டீர்களா, திருநீறு போடப் போனீர்களா, மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நின்று ஓதி வாங்கினீர்களா? ஒரே தாய் மூன்றையும் செய்திருப்பார். அந்த வரிசையும், எது பலித்தது என்று அவர் சொல்வதும் எழுதத்தக்கவை. உண்மையா, மூடநம்பிக்கையா என்ற விவாதத்தை வகுப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்வாடியில் ஒரு கட்டுப்பாடு தேவை. அங்கே 2001 ஆகஸ்டு 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் நேர்ந்த தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தனர். தர்காவுக்கு நோய் தீர வந்திருப்பவரைப் படமெடுப்பதோ பேட்டி காண்பதோ சேகரிப்பாளரின் வேலையல்ல. அவரால் முழுமனத்தோடு இசைவு தர இயலாமல் போகலாம். சந்தனக்கூடு ஊர்வலம், கொடியேற்றம், நேர்த்திக்கடன் செலுத்த வரும் குடும்பங்களின் பயணக்கதை ஆகியவையே போதுமான களம்.

ஒப்பாரி கேட்பதிலும் இங்கிதம் வேண்டும். சாவில்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று பல வீடுகளில் மறுப்பார்கள். கண்மாய்க்கரையிலோ மரத்தடியிலோ பாடச் சம்மதிப்பார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிக் கேட்கும்போதும் இதே நிதானம் வேண்டும். அந்த இரவைப் பிள்ளையாகக் கடந்தவர்கள் இப்போது முதியவர்கள். குரல் உடைந்தால் கருவியை நிறுத்திவிட்டு, தொடரலாமா என்பதை அவரையே தீர்மானிக்க விடுங்கள்.

பெயர் எழுதக்கூடாத இடங்கள்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால், வனத்துறையின் அனுமதியின்றி அவற்றில் இறங்க முடியாது. பாசி எடுக்கும் பெண்களோ தலைமுறை தலைமுறையாக அத்தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பழகியவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லி, எது எங்கே கிடைக்கும், எந்த நீரோட்டத்தில் இறங்கலாம் என்பதை விவரிப்பார்கள். அந்த அறிவு பொன்னானது. ஆனால் ‘இன்னார் இந்தத் தீவருகே சென்ற மாதம் எடுத்தார்’ என்று பெயரோடு எழுதி வைத்த தாள், நாளை அவருக்கு எதிரான சான்றாகலாம். எல்லை தாண்டிய மீன்பிடிப்பு, தடைசெய்யப்பட்ட கடல் அட்டை ஆகியவற்றைப் பற்றிய பேச்சுக்கும் இது பொருந்தும். இத்தகைய தாள்களில் பெயருக்குப் பதில் குறியீட்டெண் இடுங்கள். இடத்தையும் நாளையும் பொதுவாக எழுதுங்கள். எண்ணுக்குரிய பெயர்ப்பட்டியல் வழிகாட்டும் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும்.

இசைவு பெறுவது எல்லாருக்கும் பொது. இது எந்தக் கல்லூரிக்கு, யார் படிப்பார்கள், பெயர் போடலாமா, குரலை மற்றவர் கேட்கலாமா என்ற நான்கையும் எளிய பேச்சில் கேட்டு, பதிலை ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே பதிந்துகொள்ளுங்கள். படிவத்தில் கைநாட்டு வாங்க நீட்டினால் கடன் பத்திரமோ என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. பாட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசுவது நல்லதல்ல. ஆனால் ஒருவரின் கூலி நேரத்தை எடுத்துக்கொண்டால் ஈடு செய்வதுதான் நியாயம்.

ஒலியும் எழுத்தும்

கடற்காற்று ஒலிப்பதிவைக் கெடுக்கும். ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறை போட்டு, கரையேற்றிய படகின் மறைவிலோ வலைக்கொட்டகைக்குள்ளோ உட்காருங்கள். ஆடிக்காற்றில் வெட்டவெளி உதவவே உதவாது. கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, இயன்றால் சுருக்கப்படாத வேவ் வடிவில் பதியுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், ஊர், வரிசை எண் ஆகியவை இருக்கட்டும். அன்றிரவே மூன்று படிகள் எடுத்து, ஒன்றை வேறிடத்தில் வையுங்கள்.

எழுத்துப்படியில் பேச்சைத் திருத்தக்கூடாது. ‘அவுக வந்தாக’ என்பதை ‘அவர்கள் வந்தார்கள்’ என்று எழுதினால் வட்டார வழக்கு போய்விடும். பாட்டில் அதனோடு ஓசையும் போய்விடும். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் இத்திருத்தத்தைத் தாமாகவே செய்துவிடுகின்றன. ஆகவே வரைவுக்கு அவற்றைப் பயன்படுத்தினாலும் ஒலியோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட வேண்டும். புரியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டுவிட்டு, மறுமுறை போகும்போது கேளுங்கள். அந்த மறுமுறைப் பயணத்தில், எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக்காட்டினால், ‘அப்படியில்ல, இன்னொரு அடி இருக்கு’ என்று விடுபட்டதையும் சேர்த்துத் தருவார்.

ஒப்படைத்தல்

தாள்களைத் துறையின் தொகுப்பில் சேர்க்கும்போது, பொதுவில் வைக்கக்கூடியவை, ஆய்வாளர் மட்டும் பார்க்கக்கூடியவை, மூடி வைக்க வேண்டியவை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். பாடியவருக்கு ஒலிக்கோப்பையும் புகைப்படத்தின் அச்சுப்படியையும் தருவது வழக்கமாகட்டும். பேரனின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டால் வீடே கேட்கும். இசைவு தந்தவர் பின்னொரு நாள் வேண்டாமென்று மனம் மாறினால், காரணம் கேட்காமல் தொகுப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு, எடுத்துவிட்ட செய்தியையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.